பழைய மெட்ராஸ் படத் தபால் அட்டைகள்: காலம் கணிப்பது, போலியைப் பிரிப்பது, பத்திரப்படுத்துவது எப்படி?

கடற்கரை_ரயில்:

வணக்கம். ஒரே லாட்டாக 43 அட்டைகள் கைக்கு வந்திருக்கின்றன. ஐகோர்ட், சென்ட்ரல், மூர் மார்க்கெட், மவுண்ட் ரோடு, கடற்கரை. பத்துப் பன்னிரண்டு ஊட்டி, குன்னூர். பாதிக்கு மேல் எழுதப்படாதவை, அதனால் தபால் முத்திரை கிடையாது. எழுதாத அட்டைக்குக் காலம் கணிப்பது எப்படி? நாலைந்து அட்டை ரொம்பப் புதுசாகத் தெரிகிறது, போலியா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? கடலிலிருந்து ஒரு கிலோமீட்டரில் வீடு. ஈரக்காற்றில் இவற்றை எப்படி வைப்பது?

மவுண்ட்ரோட்டான்:

முதலில் ஒன்று. ஒரு அட்டைக்கு மூன்று காலம் உண்டு: படம் எடுத்தது, அட்டை அச்சானது, தபாலில் போனது. மூன்றுக்கும் நடுவே சில சமயம் இருபது வருடம்கூட இருக்கும். பதிவேட்டிலும் மூன்று கட்டமாகவே எழுதுங்கள். விற்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் எது பழசோ அதைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள்.

பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். நடுவில் கோடு இல்லாமல் முழுப் பின்பக்கமும் முகவரிக்கு என்று விட்டிருந்தால் அது முதல் தலைமுறை அட்டை. சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டும், அதற்காகப் படத்துக்குக் கீழே வெள்ளை இடம் விட்டிருப்பார்கள். இடது பக்கம் சேதி, வலது பக்கம் முகவரி என்று கோடு போட்டுப் பிரிப்பதைப் பிரிட்டன் 1902-ல் அனுமதித்தது, ஜெர்மனி 1905-ல், அமெரிக்கா 1907-ல். மெட்ராஸ் அட்டைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவில் அச்சானவை என்பதால், கோடு இல்லாத அட்டையை 1905-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ வைக்கலாம்.

அடுத்து அச்சான நாடு. 'பிரின்டட் இன் ஜெர்மனி', 'சாக்ஸனி' (ஜெர்மனியின் ஒரு பகுதி) என்றிருந்தால் அநேகமாக 1914-க்கு முந்தைய அச்சு. போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. வெளியிட்டவர் பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்: ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்ட் க்ளைன், லண்டன் ரஃபேல் டக். எண்ணெய் ஓவியம் போலத் தெரியும் டக் அட்டைகளுக்கான 'ஆயிலெட்' என்ற பெயர் 1903-ல்தான் வந்தது, அதற்கு முன் அது கிடையாது. ஒரே படத்தை இரண்டு மூன்று கம்பெனிகள் போட்டிருப்பதும் சகஜம். எனவே கம்பெனியை வைத்துப் படத்தின் காலத்தைச் சொல்லாதீர்கள்.

படத்துக்குள் இருக்கும் சாட்சிகள்: எழும்பூர் ஸ்டேஷன் 1908, ரிப்பன் கட்டடம் 1913, உழைப்பாளர் சிலையும் மவுண்ட் ரோடு எல்ஐசியும் 1959. மின்சார டிராம் 1895-ல் ஓடத் தொடங்கி 1953-ல் நின்றது. மூர் மார்க்கெட் 1900-ல் திறந்து 1985-ல் எரிந்தது. 'லைட் ஹவுஸ், மெட்ராஸ்' என்ற தலைப்பைப் பார்த்து அவசரப்படக் கூடாது. 1844-ன் கல்தூணும் அதே பெயரில் வரும், 1894 முதல் 1977 வரை விளக்கு எரிந்த ஐகோர்ட் கோபுரமும் அதே பெயரில் வரும்.

ஆனால் படத்தில் ஒன்று *இருப்பது* சாட்சி, *இல்லாதது* சாட்சி ஆகாது. கம்பி, கம்பம், ஆள், வண்டி எல்லாவற்றையும் அச்சகத்தில் பூசி மறைப்பார்கள். ஒரு முறைகூட மெட்ராஸைப் பார்க்காதவர்கள் ஜெர்மனியில் உட்கார்ந்து வண்ணம் தீட்டியவை இவை. புடவை நிறத்தையோ மரத்தின் பச்சையையோ வைத்து எதையும் நிறுவ முடியாது. 'நிலவொளியில் மெட்ராஸ்' வகை அட்டைகள் பட்டப்பகலில் எடுத்த படத்துக்கு நீலம் ஏற்றி ஒரு நிலாவை ஒட்டியவைதான்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய பளபள அட்டைகளை யாரும் சீந்துவதில்லை, ஆனால் காலம் கணிக்க அவைதான் எளிது. முகவரியில் 'மெட்ராஸ்-1' என்றிருந்தால் பழசு. 'மெட்ராஸ்-600 001' என்றிருந்தால் பின்கோடு வந்த 1972 ஆகஸ்டுக்குப் பின். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்பது 1969 ஜனவரிக்கு முந்தைய வழக்கு. விலை 'நயா பைசா'வில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். 'சென்னை' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் 1996-க்குப் பிறகு.

லூப்பும்_கையும்:

போலி விஷயத்துக்கு வர்றேன். 10 மடங்கு பெருசாக் காட்டுற லூப் (கண்ணுக்கிட்ட வைக்கிற சின்ன லென்ஸ்) ஒண்ணு, 365 நானோமீட்டர் யுவி (புற ஊதா) டார்ச் ஒண்ணு, இது ரெண்டும் போதும். 395 டார்ச் மலிவா கிடைக்கும், வாங்காதீங்க. அதோட ஊதா வெளிச்சமே கண்ணைக் குழப்பிடும்.

லூப்பை வானத்துப் பகுதியில வைங்க. வரிசை வரிசையா, கட்டம் பிடிச்ச மாதிரி புள்ளி தெரிஞ்சா ஹாஃப்டோன், அதாவது படத்தைப் புள்ளியா உடைச்சு அடிக்கிற அச்சு. வரிசையே இல்லாம, காய்ஞ்ச சேறு வெடிச்ச மாதிரி பொடிப்பொடி நெளிவா தெரிஞ்சா கொலோடைப், அதாவது ஜெலட்டின் பூசின தகட்டுல இருந்து அடிக்கிற அச்சு. 1914-க்கு முந்தைய நல்ல அட்டை நிறைய இந்த ரகம்தான். புள்ளியே இல்லாம நிழல் வழுக்கிக்கிட்டுப் போனா ரியல் போட்டோ, அதாவது போட்டோ காகிதத்துல நேரா பிரின்ட் போட்டது. பழைய ரியல் போட்டோவைச் சாய்ச்சுப் பிடிச்சா கருப்பான இடத்துல வெள்ளிப் பளபளப்பு எழும்பும். அது பொய்யா வரவைக்கிறது கஷ்டம். சில ரியல் போட்டோவுல ஸ்டாம்ப் ஒட்டுற கட்டத்துல 'ஆஸோ', 'வெலாக்ஸ்'னு காகிதப் பேர் இருக்கும். ஆஸோ கட்டத்தோட நாலு மூலையில இருக்குற முக்கோணம் எல்லாம் மேல பார்த்தா 1904–1918, ரெண்டு மேல ரெண்டு கீழன்னா 1918–1930.

இப்ப போலி எப்படிப் பண்றாங்கன்னா, இணையத்துல கிடைக்கிற ஸ்கேனை இறக்கி இங்க்ஜெட்டுல அடிச்சு, டீத்தண்ணியில முக்கிக் காயவைக்கிறாங்க. முன்பக்கத்தைப் பார்த்துத் தலையைப் பிய்ச்சுக்க வேண்டாம், திருப்பிப் பின்பக்க எழுத்துல லூப்பை வைங்க. அசல்ல 'போஸ்ட் கார்டு'ங்கிற எழுத்து ஒரே மையில கெட்டியா, விளிம்பு கூரா இருக்கும். ஸ்கேன்ல இருந்து அடிச்சதுல அந்த எழுத்தே கலர் புள்ளியா சிதறியிருக்கும். பழுப்பும் அப்படித்தான். அசல்ல ஓரத்துல இருந்து உள்ளே மெல்லக் குறையும், டீத்தண்ணிப் பழுப்பு முழுக்க ஒரே சீரா இருக்கும், இல்லேன்னா திட்டுத் திட்டா நிக்கும்.

யுவிக்கு இருட்டறை வேணும். 1950-ஐ ஒட்டிக் காகிதத்துல வெளுப்பேத்தி சேர்க்க ஆரம்பிச்சாங்க, அது யுவியில நீல வெள்ளையா ஜொலிக்கும். 'எட்வர்டு காலத்து அட்டை'ன்னு (1901–1910) விக்கிறது அப்படி ஜொலிச்சா கதை முடிஞ்சுது. ஆனா ஜொலிக்கலைங்கிறதாலயே அசல்னு சொல்லிட முடியாது, வெளுப்பேத்தாத காகிதம் இன்னைக்கும் கடையில கிடைக்குது. ஸ்கேலும் வைங்க: அந்தக் காலத்து அளவு 14 × 9 செமீ, ஒண்ணு ரெண்டு மில்லி கூடக் குறைய. 15 × 10.5 இருந்தா பிற்காலம்.

ஆன்லைன்ல வாங்கும்போது பின்பக்கப் படமும், நாலு மூலையும் தெரியுற படமும் கேளுங்க. தர யோசிக்கிறவன்கிட்ட வாங்காதீங்க. ஸ்டாம்பைப் பிடுங்கின அட்டைக்கு நான் பாதி விலைக்கு மேல பேச மாட்டேன். பிடுங்கும்போது காகிதத்தோட மேல்தோலும் போயிருக்கும், முத்திரையும் பாதி போயிருக்கும். இன்னொண்ணு, தேடும்போது பழைய பேரைப் போடுங்க: டேன்ஜோர், ட்ரிச்சினாபோலி, டின்னெவெல்லி, ஊட்டகமண்ட், ட்ரான்க்யூபார், மாமல்லபுரத்துக்கு செவன் பகோடாஸ். வெறும் 'மெட்ராஸ்'னு போட்டா ஒரேகான்ல இருக்குற மெட்ராஸும் கட்டம்போட்ட சட்டையும் வந்து நிக்கும். வெள்ளைக்காரங்க ஊருக்கு அனுப்பினதுதான் நிறைய, அதனால நல்ல சரக்கு பிரிட்டன்லதான் கிடக்கு. பாண்டிச்சேரி வேணும்னா பிரான்ஸ்காரங்க விக்கிற தளத்துல தேடுங்க.

ஈரக்காற்று:

சேமிப்பு பற்றி மட்டும். கடலோர வீட்டில் எதிரிகள் மூன்று: பூஞ்சை, வெள்ளிமீன் பூச்சி, நாமே வாங்கி வைக்கும் மலிவு ஆல்பம்.

தொட்டால் பிசுபிசுக்கும், பிளாஸ்டிக் வாடை அடிக்கும் உறைகள் பிவிசி. அதில் உள்ள மென்மையாக்கி கசிந்து படத்தின் மேல் எண்ணெய்ப் படலமாக இறங்கும், ரியல் போட்டோவை அப்படியே ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், அட்டையைவிட நாலைந்து மில்லி பெரிதாக. ஒட்டும் தாள் உள்ள 'மேக்னடிக்' ஆல்பம், ஃபெவிகால், செலோடேப் மூன்றும் வேண்டாம். உறையில் போட்டு, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் கோப்பு போல நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் உள்ளவை அழுந்தி ஒட்டும். இறுக்கியும் அடைக்காதீர்கள், இரண்டு விரல் இடம் இருக்கட்டும்.

இந்தப் பெட்டியை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, 10 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் கணக்கில் ஆரஞ்சு நிற சிலிகா ஜெல் போடுங்கள். நீல ரகத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால் தவிர்க்கலாம். நிறம் மாறியதும் 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம் மின்சார ஓவனில் காயவைத்தால் மறுபடி உழைக்கும். டப்பாவுக்குள் ஒரு சின்ன ஈரப்பத மானி போட்டு 45–55 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஜெல்லை அள்ளிக் கொட்டி 30-க்குக் கீழே இறக்கினால் ரியல் போட்டோ வளைந்து சுருளும். பரண், வெளிச்சுவரை ஒட்டிய பீரோ, மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை மூன்றும் ஆகாது.

43 அட்டையையும் இப்போதே பழைய சேகரிப்போடு கலக்காதீர்கள். பூச்சி சந்தேகம் இருந்தால் ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும். உடனே திறந்தால் காற்றின் ஈரம் அட்டை மேலேயே வியர்த்து நிற்கும். பூஞ்சைக்கு ஃப்ரீசர் மருந்தல்ல, அது தூங்கும், சாகாது. நன்றாகக் காயவைத்து, முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. கையால் தீட்டிய வண்ணம் கரையும், போட்டோவின் ஜெலட்டின் வழவழத்துப்போகும்.

எண்ணை அட்டையில் எழுதாமல் உறைக்குள் ஒரு துண்டுத்தாளில் 2பி பென்சிலால் எழுதுங்கள். இருபக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் எனும் சுருக்காத படக் கோப்பாக வைத்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 21 எம்பி வரும். 'ஆட்டோ கலர்' வசதியை அணைத்துவிடுங்கள், காகிதத்தின் பழுப்பும் ஒரு தகவல்தான்.

கடற்கரை_ரயில்:

மூவருக்கும் நன்றி. யுவியில் நான்கு அட்டை ஜொலிக்கின்றன, தனியே எடுத்துவிட்டேன். ஒரு குழப்பம்: ஐகோர்ட் அட்டை ஒன்றில் 'பிரின்டட் இன் ஜெர்மனி' இருக்கிறது, லூப்பில் கொலோடைப். ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பச்சை அரை அணா ஸ்டாம்ப், முத்திரை 1924, முகவரி திருச்சி. பழைய அட்டைக்கு யாரோ பின்னால் ஸ்டாம்ப் ஒட்டி ஏமாற்றியிருக்கிறார்களா?

மவுண்ட்ரோட்டான்:

ஏமாற்று என்று நினைக்கத் தேவையில்லை. உள்நாட்டு அட்டைக்குக் கால் அணாவாக இருந்த கட்டணம் 1922-ல் அரை அணா ஆனது, ஆக 1924-ல் மெட்ராஸிலிருந்து திருச்சிக்கு அரை அணா சரியான கணக்கு. 1914-க்கு முன் வந்த சரக்கு கடையில் தேங்கிப் பத்து வருடம் கழித்து விற்றிருக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள்: முத்திரையின் மை ஸ்டாம்பிலிருந்து அட்டைக்கு வெட்டில்லாமல் தொடர்கிறதா? தொடர்ந்தால் கவலையில்லை. ஸ்டாம்பின் விளிம்போடு வட்டம் நின்றுவிட்டால் வேறெங்கிருந்தோ பெயர்த்து ஒட்டியது.

கடற்கரை_ரயில்:

தொடர்கிறது. அட்டையில் திருச்சி முத்திரையும் மங்கலாக இருக்கிறது, மறுநாள் தேதி. பதிவேட்டில் படம் 1894-க்குப் பின், அச்சு 1914-க்கு முன், தபால் 1924 என்று எழுதிக்கொள்கிறேன்.

லூப்பும்_கையும்:

'படம் 1894-க்குப் பின்'ங்கிறதுக்குப் பக்கத்துல காரணத்தையும் எழுதுங்க, 'கோபுரத்துல விளக்கு தெரியுது'ன்னு. அப்புறம் அந்த நாலு அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பின்பக்கம் 'மறுஅச்சு'ன்னு பென்சில்ல எழுதி லூப் பழக வச்சுக்கோங்க.