பழுத்த குலையை அடையாளம் காண்பது கண்ணா, மூளையா?

ராம்ப்பில் புதியவன் (சுங்கை சிப்புட்):
வணக்கம். இங்குள்ள ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் ராம்ப்பில், அதாவது லோரிகள் கொட்டும் மேடையில், குலைகளைத் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. பழுத்த குலையென்றால் செம்மஞ்சள் நிறத்தோடு பழம் உதிர்ந்த குழிகள் குறைந்தது 10 இருக்க வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடம். ஆயினும் ஒரு குலையின் குழிகளை நான் எண்ணி முடிப்பதற்குள், முப்பது ஆண்டு அனுபவமுள்ள மண்டோர் (மேற்பார்வையாளர்) ஐயா நடந்துகொண்டே நாலைந்து காய்க்குலைகளைக் கொக்கியால் தொட்டுக் காட்டிவிடுகிறார். இத்தனைக்கும் நாளிதழ் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். பழகப் பழகக் கண் உண்மையிலேயே கூர்மையாகிறதா? கண்ணாடியே தேவைப்படாது என்று விளம்பரம் செய்யும் கைப்பேசிச் செயலி ஒன்றை வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் (தாப்பா):
தம்பி, பாதி விடை அந்த மண்டோரின் கண்ணாடியிலேயே இருக்கிறது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை (லென்ஸ்) இறுகுவதைப் பழக்கம் தடுப்பதில்லை. கண் அனுப்பும் செய்தியிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் மூளையின் திறனே வளர்கிறது. ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள இரு கோடுகளில் கீழ்க்கோடு எந்தப் பக்கம் மயிரிழை விலகியிருக்கிறது என்று கேட்டால், விழித்திரையின் அடுத்தடுத்த ஒளியுணர் செல்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடச் சிறிய விலகலைக்கூட மனிதரால் சொல்ல முடிகிறது. அந்த நுட்பமும் சிறிது நேரப் பயிற்சியிலேயே கூடுவதை 1992-இல் பொஜ்ஜியோ, ஃபாலே, எடல்மன் ஆகியோர் காட்டினர்.

ஆனால் இந்தக் கல்வி மிகக் குறுகியது என்பதுதான் என்னை வியக்க வைக்கும் செய்தி. ஒரே திசையில் அமைந்த கோடுகள் நிறைந்த பரப்பில் வேறு சாய்வுள்ள சில கோடுகளைக் கண்டுபிடிக்க, கார்னியும் சாகியும் 1991-இல் சிலரைப் பழக்கினர். பார்வைப் புலத்தின் ஒரு பகுதியில் தேறியவர்கள், அதே படத்தை வேறு பகுதியில் காட்டியபோது புதியவர்களைப் போலத் தடுமாறினர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கற்றது மறு கண்ணுக்குப் பெரும்பாலும் போய்ச் சேரவில்லை. முன்னேற்றமும் பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தே தெரிந்தது. பின்னர் நடந்த ஆய்வில், கனவுகள் வரும் உறக்கக் கட்டத்தைக் கலைத்தபோது அது தடைபட்டது. ஆகவே இரவு வேலைக்குப் பின் தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

கண் பரிசோதகர் (ஈப்போ):
செயலிக்குப் பணம் கொடுக்கும் முன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சோம்பற்கண் (ஒரு கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பயன்படுத்தாத நிலை) உள்ள பெரியவர்களுக்கும் இத்தகைய பயிற்சியால் ஓரளவு பயன் கிடைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் கண்ணாடியின் வேலையைச் செயலி செய்யாது.

பால்மரத்து மகள் (பீடோர்):
ஆசிரியர் ஐயா சொல்லும் குறுகிய கல்வியை நான் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் பால்மரம் (ரப்பர்) சீவிய என் தாயார், உள்மரம் காயப்படாமல் எவ்வளவு பட்டை எடுக்கலாம் என்பதைக் கத்தி படும்முன்பே அறிவார். தோட்டம் செம்பனைக்கு மாறிய ஆண்டில், அதே தாயார் நல்ல பழமென்று காட்டிய குலைகளெல்லாம் காயாக இருந்து, கிராணியிடம் (தோட்டக் கணக்கரிடம்) ஏச்சு வாங்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்:
அம்மா, நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சில் சேவல் எது, பெட்டை எது என்று பிரிப்பது பல ஆண்டுப் பழக்கத்தால் மட்டுமே வரும் என்று நம்பினார்கள். எங்கே பார்ப்பது, எந்த வடிவத்தைத் தேடுவது என்று சுருக்கமாக எழுதிக் கொடுத்ததுமே, புதியவர்கள் படங்களைக் கொண்டு ஏறக்குறைய நிபுணர்களின் அளவுக்குப் பிரித்ததை 1987-இல் பீடர்மனும் ஷிஃப்ராரும் காட்டினர். தம்பி, மண்டோர் முதலில் எங்கே பார்க்கிறார் என்று கேட்டீர்களா?

ராம்ப்பில் புதியவன்:
இன்று கேட்டேன், ஐயா. மழையில் நனைந்த குலை எல்லாமே பழுத்ததுபோல் மினுங்குமாம். அதனால் நிறத்தை அவர் கடைசியில்தான் பார்ப்பாராம். ஒரு வாரத்துக்கு நன்கு பழுத்ததையும் கறுத்த காயையும் மட்டும் பிரித்துப் பழகு, நடுவில் உள்ளவற்றை என்னிடம் தள்ளிவிடு என்றார்.