விஸ்பியர் 7 காலாவதி: 8-க்கு ஏறுவதா, ப்ராக்ஸ்மாக்ஸுக்குத் தாவுவதா?

இரவு_ஷிப்ட்:
எங்கள் அலுவலகத்தில் மூன்று சர்வர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சிபியு, சிபியுவுக்கு 8 கோர். ஓடுவது விஸ்பியர் 7 (ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள்), ஒரே தடவை பணம் கட்டி வாங்கிய பழைய லைசென்ஸ். சப்போர்ட்டைப் புதுப்பிக்கவில்லை. 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-உடன் முடிந்துவிட்டது. முதலாளியோ, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்கிறார். மொத்தம் இருபது விஎம் (மெய்நிகர் கணினி). என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:
7-க்கு வாங்கிய சாவி 8-ஐத் திறக்காது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. இப்போது சந்தா மட்டும்தான், அதுவும் கோர் கணக்கில். சிபியுவில் 8 கோர்தான் இருந்தாலும் 16 என்றே எண்ணுவார்கள். உங்களிடம் இருப்பது 48, கட்டவேண்டியது 96-க்கு. ப்ராக்ஸ்மாக்ஸ் இதே வேலையைச் செய்யும் திறமூல மென்பொருள், லைசென்ஸ் கட்டணமே கிடையாது. சப்போர்ட் வேண்டுமானால் சாக்கெட் (சிபியு) கணக்கில் வாங்கலாம், கோரை யாரும் எண்ணமாட்டார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பழைய_ரேக்:
யோசிக்க நிறைய இருக்கிறது தம்பி. ஸ்டோரேஜ் என்னவென்று யாராவது கேட்டீர்களா? மூன்று சர்வரும் ஒரே ஐஸ்கஸி பெட்டியைப் (நெட்வொர்க் வழியே டிஸ்க் தருவது) பகிர்ந்துகொண்டால், விஎம்எஃப்எஸ் (ஒரே டிஸ்கை எல்லா சர்வரும் சேர்ந்து பயன்படுத்த விடும் விஎம்வேர் கோப்பு முறை) தந்த சுகம் அங்கே அப்படியே கிடைக்காது. பகிர்ந்த எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் பிரிப்பு முறை) மேல் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையைப் பிடித்துவைப்பது) எடுப்பதே 2025 ஆகஸ்டில் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 9-இல்தான் வந்தது, அதுவும் முன்னோட்ட நிலையில். செஃப் (எல்லா சர்வர்களின் டிஸ்கையும் ஒரே ஸ்டோரேஜாகச் சேர்க்கும் மென்பொருள்) போடு என்பார்கள். அதற்கு ஒவ்வொரு சர்வரிலும் டிஸ்க், வேகமான நெட்வொர்க், அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினால் எழுந்து வருகிற ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்தையும் உங்கள் கணக்கில் எழுதுங்கள்.

புதுமுகம்22:
இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ (விஸ்பியரில் சர்வர்மேல் நேராக ஓடும் பகுதி) 2025 ஏப்ரலில் திரும்பி வந்துவிட்டதே? அதைப் போட்டுவிட்டால்?

பழைய_ரேக்:
வீட்டில் பழகிப்பார்க்கச் சரி. விசென்டரில் (பல சர்வர்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கருவி) சேராது, பேக்கப் மென்பொருளும் அதைத் தொடாது. இருபது விஎம் இருக்கிற இடத்தில் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, ஸ்டோரேஜ் பற்றிச் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8-க்குப் பணம் கட்டினாலும் அதன் பொது ஆதரவு 2027 அக்டோபர் வரைதானே? அதற்குள் இதே கேள்வி மறுபடி வரும். மாறுவதும் முன்புபோல் கஷ்டமில்லை, ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2-இலேயே ஈஎஸ்எக்ஸ்ஐ-யிலிருந்து நேராக இழுத்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது.

பழைய_ரேக்:
இழுத்துக்கொள்ளும், மறுக்கவில்லை. நான் முதலில் இழுத்த விண்டோஸ் சர்வர் நீலத் திரையோடு நின்றது. தப்பு என்னுடையது, விர்ட்ஐஓ (விஎம்முக்கான வேகமான டிஸ்க் இணைப்பு) டிரைவர் போடாமல் டிஸ்கை அதில் மாட்டிவிட்டேன். முதல் தடவை சாட்டாவாக (விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரிந்த இணைப்பு) மாட்டிக் கிளப்புங்கள், பக்கத்தில் 1 ஜிபி விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றைச் சேர்த்து டிரைவரை நிறுவுங்கள், பிறகு பூட் டிஸ்கை மாற்றுங்கள். விஎம்முக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸை, மாறுவதற்கு முன் இந்தப் பக்கமே நீக்கிவிடுங்கள், அங்கே போனபின் அது அடம்பிடிக்கும். ஐபி முகவரியைக் குறித்துவையுங்கள், பழைய நெட்வொர்க் கார்டு பேய் மாதிரி உள்ளேயே இருந்துகொண்டு முகவரியை விடாது. டாலி இருந்தால் லைசென்ஸை முன்பே சரண்டர் செய்துவிடுங்கள்.

இரவு_ஷிப்ட்:
ஐஸ்கஸி பெட்டிதான் அண்ணே. டாலியும் இருக்கிறது. இப்படியே 7-இல் ஓட்டினால் என்ன ஆகும்?

பழைய_ரேக்:
2025 மார்ச்சில் வந்த பாதுகாப்பு ஓட்டையை மறந்துவிட்டீர்களா? விஎம்முக்குள் நிர்வாகி உரிமை கிடைத்தவன் வெளியே ஹோஸ்டுக்கே (சர்வருக்கே) வந்துவிடலாம். அன்று 7-க்கும் பேட்ச் வந்தது. இனி அப்படி ஓர் ஓட்டை வந்தால் உங்களுக்குப் பேட்ச் வராது. மாறச்சொல்லி நான் கெஞ்சவில்லை, சும்மா உட்காராதீர்கள் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
பாருங்கள், கடைசியில் அண்ணனும் என் பக்கம்.

பழைய_ரேக்:
உன் பக்கம் இல்லை. ஸ்டோரேஜுக்கும் ஆளுக்கும் வழி இல்லையென்றால் ஒரு வருடச் சந்தா வாங்கி மூச்சுவிடட்டும் என்பேன். விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் (எத்தனை விஎம் வேண்டுமானாலும் ஓட்ட விடும் பதிப்பு) லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தால் ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் இதே வகை மென்பொருள்) அதற்குள்ளேயே இருக்கிறது, அதையும் பார்க்கட்டும்.

இரவு_ஷிப்ட்:
டேட்டாசென்டர் இல்லை, ஸ்டாண்டர்டுதான். சனிக்கிழமை ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் 9 போட்டுப் பிரிண்ட் சர்வரின் நகலை மட்டும் இழுத்துப் பார்க்கிறேன். முதலாளியிடம் அந்த 96-ஐக் காட்டினேன். "இல்லாத கோருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார்.