பாலாற்றங்கரையில் புதுப்பித்த ஓட்டல்: ஆறு தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

காவிரிக்கரை அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, ஜூலை கடைசியில் கொண்டுவந்து விட வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து நான், மனைவி, மகள், கூடவே என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் "பேத்தியைக் கொண்டு விட நானும் வருவேன், அப்படியே பொற்கோயிலும் பார்த்துவிடுவேன்" என்று ஒரே பிடிவாதம். விருதம்பட்டு பக்கம் ஆற்றை ஒட்டி ஒரு பழைய லாட்ஜைப் புதுப்பித்து ஓட்டலாக்கியிருக்கிறார்கள். படத்தில் ஜன்னல் நிறையத் தண்ணீர் தெரிகிறது, கண்ணாடித் தடுப்பு போட்ட குளியலறை, பளபளவென்று இருக்கிறது. சாதாரண அறை 2,600, ஆறு தெரியும் அறை 3,400 என்கிறார்கள். காவிரிக் கரையில் வளர்ந்தவன், ஆறு என்றதும் ஆசை வருகிறது. கொடுக்கலாமா? உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்.

விருதம்பட்டு வாசி:
சார், முதலில் அந்த ஜன்னல் படத்தை மறந்துவிடுங்கள். அது நல்ல மழை வருஷத்தில் எடுத்ததாக இருக்கும். பாலாறு நந்தி மலையில் பிறந்து, கர்நாடகாவையும் ஆந்திராவையும் தாண்டி, வாணியம்பாடி பக்கம் புல்லூரில் நம் மாநிலத்துக்குள் வருகிறது. மேலே அணைகளும் தடுப்பணைகளும் கட்டிவைத்திருக்கிறார்கள், கீழே நம் ஆட்களே மணலை வழித்துவிட்டார்கள், அப்புறம் ஜூலையில் தண்ணீருக்கு எங்கே போவது? நீங்கள் பார்க்கப்போவது மணல், சீமைக் கருவேலம், நடுவில் நாலு மாடு. கரையோரம் கொஞ்சம் கறுப்பாக ஏதாவது ஓடினால் அது ஆற்றுத் தண்ணீர் இல்லை, ஊர்ச் சாக்கடை.

2021 நவம்பரில் மட்டும் வந்து பார்த்திருக்க வேண்டும். இரு கரை தொட்டுப் போனது, பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்காதவனே இல்லை. அந்த மழைக்காலத்தில்தான் பொன்னை ஆற்று ரயில் பாலம் பழுதாகி, டிசம்பரில் சென்னை ரயில்களை எல்லாம் நிறுத்தினார்கள். அதெல்லாம் எப்போதாவது நடப்பது. ஆடிக் காற்றில் அந்த ஜன்னலைத் திறந்தால் உங்களுக்குக் கிடைப்பது மணல் தூசிதான். அதற்கு 800 ரூபாய் கூடுதலா!

இன்னொன்று, எதிர்க்கரையில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை, புதுப் பேருந்து நிலையம், கிரீன் சர்க்கிள். ராத்திரி முழுக்க லாரி ஹாரன் அந்த வெட்டவெளி மேல் நேராக இந்தப் பக்கம் வரும். உள்பக்க அறை கேளுங்கள், தூங்கலாம்.

ஆம்பூர் அக்கா:
எங்கள் வீட்டுப் பெரியவர் கண் ஆபரேஷனுக்கு வந்தபோது இதே மாதிரி புதுப்பித்த இடம் ஒன்றில் தங்கினோம், பெயர் வேண்டாம். ஆறு தெரிகிறதா இல்லையா என்பதை விடுங்கள் தம்பி, குளியலறையைக் கேளுங்கள். பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அதனால் குளியலறைத் தரை உயர்ந்து, வாசலில் அரை அடிக்கு ஒரு படி. வாட்டமும் சரியில்லை, குளித்த தண்ணீர் மூலைக்குப் போகாமல் கதவுப் பக்கம் வந்து நிற்கும். கண்ணாடித் தடுப்பு பார்க்க அழகுதான், ஆனால் வயசானவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது, கை வைத்தால் அந்தக் கண்ணாடிதான் ஆடும். பிளாஸ்டிக் முக்காலி ஒன்று வாங்கிப் போட்டுத்தான் பெரியவரைக் குளிக்க வைத்தோம்.

தண்ணீரும் அப்படி. போர் தண்ணீர் உப்பு. ஷவரில் பாதி ஓட்டை வெள்ளையாக அடைத்து, ஒரு தாரை சுவரில், ஒரு தாரை கூரையில் என்று பீய்ச்சியது. குழாய் எல்லாம் புதுசு, சுவருக்குள் போகிற பைப் பழசு, காலையில் முதல் வாளி செம்மண் நிறம். படத்தில் இதெல்லாம் தெரியாது. போன் போட்டு "பைப் லைன் மாற்றினீர்களா, பெயின்ட் மட்டும் அடித்தீர்களா" என்று நேராகக் கேளுங்கள், அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும்.

நைட் ஷிப்ட்:
நான் வேலூரில் ஒரு ஓட்டலில் ராத்திரி ரிசப்ஷன் பார்க்கிறவன், நீங்கள் சொல்லும் இடம் இல்லை. அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் சேர்க்க வேண்டியது லிப்ட். பழைய லாட்ஜ்களில் லிப்டுக்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். புதுப்பிக்கும்போது படிக்கட்டை ஒட்டி வெளிச்சுவரில் ஒன்றை வைப்பார்கள், அது மாடிக்கு வந்து நிற்காது, பாதிப் படியில் திறக்கும். "லிப்ட் இருக்கா?" என்றால் "இருக்கு சார்" என்பார்கள், பொய்யும் இல்லை. ஆனால் இறங்கி எட்டுப் படி ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அது முடியாது. "அறை இருக்கிற தளத்திலேயே லிப்ட் திறக்குமா" என்று கேளுங்கள். இல்லையென்றால் கீழ்த்தளத்தில் அறை இருந்தால் மட்டும் எடுங்கள்.

மேல்தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். எங்கள் ஊர் வெயில் தெரியும்தானே, கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி ஒரு மணி வரை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். ஏ.சி. 18-இல் ஓடும், நீங்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கம்ப்ளெயின்ட் போன் எங்களுக்கு வருவது முக்கால்வாசி அந்தத் தளத்திலிருந்துதான்.

விலை பற்றி: அட்மிஷன் சமயத்திலும் பட்டமளிப்பு சமயத்திலும் வி.ஐ.டி. இருக்கும் காட்பாடியில் எந்த அறைக்கும் இதுதான் விலை என்று கிடையாது, கேட்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வங்கதேச நோயாளிகள் வருஷம் முழுக்க இருப்பார்கள், ஆனால் அவர்கள் பெரும்பாலும் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில், சமைத்துச் சாப்பிட வசதியாகத் தங்குவார்கள். காட்பாடிப் பக்கம் விலையை ஏற்றி விடுவது பெற்றோர் கூட்டம்தான். நாலு பேர் என்று முன்பே சொல்லி, எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் வரியையும் பாருங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், பழைய 12 போட்டிருந்தால் கேளுங்கள்.

மூன்றாம் வருஷம்:
அங்கிள், நான் வி.ஐ.டி.யில்தான் படிக்கிறேன். விருதம்பட்டில் தங்கினால் ஒரு சிக்கல், சேர்க்கை நாளில் காலை எட்டரைக்கு மேல் காட்பாடி ரோடு நகராது. ஓடை பிள்ளையார் கோயில் பக்கம் மாட்டினால் ஆட்டோ மீட்டர்... சாரி, மீட்டர் எல்லாம் இங்கே கிடையாது, ஆட்டோக்காரர் சொல்வதுதான் மீட்டர். ஏழரைக்குக் கிளம்பிவிடுங்கள். பெட்டி, பக்கெட், மெத்தை எல்லாம் ஊரிலிருந்து தூக்கி வர வேண்டாம், பக்கெட் தலையணை வகையறா காட்பாடியிலேயே கிடைக்கும்.

ரயிலில் வருவதானால், விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக வருகிற ரயில் வேலூர் கன்டோன்மென்டில் நிற்கும், அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள், காட்பாடி வரை வந்து இறங்குவதுதான் உங்களுக்கு வசதி. ஊருக்குள் போக 1, 2 நம்பர் பஸ் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

காவிரிக்கரை அப்பா:
இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னபடியே போன் போட்டேன். பைப் என்றதும் "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. லிப்ட் நைட் ஷிப்ட் தம்பி சொன்ன மாதிரியேதான், பாதிப் படியில் திறக்குமாம். கீழ்த்தளத்தில் ஒரு அறை உண்டு, ஆற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு, 2,400 என்கிறார்கள். குளியலறையில் படி இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அது வந்தால்தான் முன்பணம். பொற்கோயிலுக்கு அம்மாவை எப்படி அழைத்துப் போவது என்று யாராவது சொல்ல முடியுமா?

விருதம்பட்டு வாசி:
பொற்கோயில் இருக்கும் ஸ்ரீபுரம் திருமலைக்கோடியில், ஊரைத் தாண்டி அந்தப் பக்கம். கார் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே நட்சத்திர வடிவத்தில் ஒரு பாதை, சுற்றிச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடை, முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். சக்கர நாற்காலிக்கு வழி உண்டா என்று கோயிலில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். போனை உள்ளே விட மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் அம்மாவை வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். சமதரைதான், அந்தக் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்துக்கொண்டே அரை நாள் உட்காரலாம். எவ்வளவோ வருஷம் சாமி இல்லாமல் கிடந்த கோயில், 1981-இல்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். தண்ணீர் பார்க்கும் உங்கள் ஆசைக்கும் அதுதான் இடம், பாலாறு காய்ந்தாலும் அகழியில் தண்ணீர் இருக்கும்.

ஆம்பூர் அக்கா:
தம்பி, போட்டோ வந்தால் இங்கேயும் போடுங்கள், வாட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன். முக்காலியை மறக்காதீர்கள்.