பன்னி சௌ மரக்கார் பாதி வழியில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

சாட்ஸ்வொர்த் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கோயில் இளைஞர் குழு பிள்ளைகளுக்கு மரக்கார் பந்தயம் நடத்துகிறது. பைன்வுட் டெர்பி (கையடக்க மரக்கார்களைச் சரிவான தடத்தில் தானாக உருளவிடும் பந்தயம்) விதிகள்தான்: 7 அங்குல பைன் கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு ஆணி. மொத்த எடை 5 அவுன்ஸ், அதாவது 141 கிராமைத் தாண்டக்கூடாது. புதுமையான வடிவத்துக்குத் தனிப் பரிசு உண்டு. என் மகள் பன்னி சௌதான், அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றும் எங்கள் தென்னாப்பிரிக்க டர்பன் நகரச் சாப்பாடுதான், வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கட்டையே ரொட்டி வாக்கில் இருப்பதால் மேல்விளிம்பை உருட்டி, பின்பாதியில் குடைந்து கறி ஊற்றும் குழி வைத்தோம். தோண்டியெடுத்த ரொட்டித்துண்டையும் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள். அச்சு அசல் டர்பன் பன்னி!

ஆனால் ஒத்திகையில் இரண்டு கோளாறு. கிளம்பியதுமே இடப்பக்கம் இழுத்து நடு ரெயிலை (தடத்தின் நடுவே நீளமாகப் போகும் மேட்டுப்பட்டை) உரசிக்கொண்டே இறங்குகிறது. சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில் 'டக்'கென்று சத்தம், அதோடு வேகம் செத்துவிடுகிறது. எடைக்கு மீன்பிடி ஈயக்குண்டுகளைத் தட்டி, வால்பக்கம் அடியில் ஒட்டியிருக்கிறேன். மற்றவர்களுடையது எல்லாம் ஆப்பு போலச் சீவிய கார்கள். ரொட்டியைச் சீவிவிடலாமா?

ஃபீனிக்ஸ் தச்சர்:
தங்கச்சி, ரொட்டியில் கை வைக்காதீங்க. இந்த நீளத் தடத்தில் பிள்ளைகள் காருக்குக் காற்றுத்தடை சின்ன விஷயம். சக்கரமும் அச்சும் எடை இருக்கும் இடமும்தான் பெரிசு. முதலில் காரைக் கவிழ்த்து ஈயத்தைப் பாருங்க. உரசின கோடு தெரிகிறதா? தடத்தின் நடு ரெயில் எத்தனை மி.மீ. உயரம்?

சாட்ஸ்வொர்த் அம்மா:
ஆமாம் அண்ணா! கடைசிக் குண்டின் மேல் வெள்ளிக்கம்பி மாதிரி பளபளவென்று ஒரு கோடு. ரெயில் உயரம் 6 மி.மீ.

ஃபீனிக்ஸ் தச்சர்:
அதேதான். கட்டைக்கும் தடத்துக்கும் இடைவெளி 9 மி.மீ. சொச்சம். ரெயில் 6 போனால் மிச்சம் மூன்றுதான். சரிவு சமதளமாக மடங்கும் இடத்தில் முன்சக்கரம் தாழ்ந்துவிடும், பின்சக்கரம் இன்னும் சரிவிலேயே இருக்கும். அப்போது வால் தரைக்கு நெருங்கும், ஈயம் ரெயிலில் இடிக்கும். குண்டுகளைக் கழற்றி, கறிக்குழிக்குள்ளே போடுங்க. ஆட்டுக்கறித் துண்டு அதுதான்!

எடையைப் பின்னால் வைப்பது சரியான யோசனை. சரிவில் நிற்கும்போது வால்தான் உயரத்தில் இருக்கும். எடை உயரத்திலிருந்து இறங்கினால் வேகம் கூடும். ஸ்கேல் விளிம்பில் காரை நிறுத்திப் பாருங்க: பின் அச்சுக்கு ஒரு அங்குலம் முன்னால் சமநிலை வந்தால் போதும். அதைவிடப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி ஆட்டம் போடும்.

இன்னொன்று, முழுக்கட்டையே நூறு கிராமைத் தொடும். முன்பாதியை அடியிலிருந்து குடைந்துவிடுங்க. மிஞ்சும் மர ஓடு 5 மி.மீ. கனம் இருக்கட்டும், அச்சுப் பள்ளத்தைச் சுற்றி மட்டும் மரத்தைத் தொடாதீங்க. குறைந்த எடைக்குப் பதிலாக ஈயத்தைப் பின்னால் சேர்க்கலாம்.

டொங்காட் அக்கா:
ஈயத்தை ராவவோ மணல்தாளில் தேய்க்கவோ வேண்டாம், தூள் பிள்ளைக்கு ஆகாது. ஒட்டுவது பெரியவர்கள் கையால் நடக்கட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மேலே எப்பாக்சி ஊற்றி முழுசாக மூடிவிடுங்கள். அதில் சிவப்பும் மஞ்சளும் கலந்தால் எண்ணெய் மிதக்கிற கறி மாதிரியே மினுங்கும்.

மெரிட்ஸ்பர்க் மாமா:
இடப்பக்கம் இழுப்பதற்கு வருகிறேன் அம்மா. வீட்டில் மட்டமான டைல் தரை இருந்தால் நேர்கோடு போட்டு, காரை மெல்லத் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஆணியைக் கழற்றித் தலைக்கு அடியில் நகத்தால் தடவினால் தயாரிப்பில் வந்த பிசிறு தட்டுப்படும். ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு அந்தப் பிசிறை அரத்தால் எடுங்கள். பிறகு 400, 600, 1000 என்று ஈரமான மணல்தாளால் மெருகேற்றுங்கள். மறுபடி அடிக்கும்போது, சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு வங்கி அட்டை நுழையும் அளவு இடம் விடுங்கள். அப்புறமும் இழுத்தால், ஒரு முன் ஆணியை மிக லேசாக வளைத்து மாட்டி, இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்து, நேராக ஓடும் நிலையில் ஒரு சொட்டுக் கோல்டு குளூ (வெள்ளை மரப்பசை). எண்ணெய் வேண்டவே வேண்டாம், கிராஃபைட் தூள் போதும். பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் சக்கரம் மாட்டவேண்டும். சக்கரத் துளையில் பெயின்ட் போனால் அவ்வளவுதான்.

இந்தப் பந்தயமே 1953-ல் கலிபோர்னியாவில் டான் மர்ஃபி என்ற அப்பா, பிள்ளைகளே உள்ளே உட்கார்ந்து சரிவில் ஓட்டும் பெரிய சோப்புப்பெட்டிக் கார் பந்தயத்துக்கு வயது பத்தாத தன் மகனுக்காகத் தொடங்கியது. பிள்ளை ஆசைப்பட்ட வடிவத்தைக் காப்பாற்றத்தான் நாம் மெனக்கெட வேண்டும்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
மாமா, ஒரு ஆணியில் நீங்கள் சொன்ன பிசிறு இருந்தது. ஈயத்தையும் குழிக்குள் மாற்றியாச்சு. 'டக்' சத்தம் போயே போச்சு, ரெயிலையும் அநேகமாகத் தொடுவதில்லை. இப்போது வீட்டுத் தராசில் சரியாக 141 காட்டுகிறது. பந்தயத் தராசு வேறு மாதிரி காட்டினால் என்ன செய்வது?

ஃபீனிக்ஸ் தச்சர்:
அதற்குத்தான் கறிக்குழியில் ஒரு உருளைக்கிழங்கை ஒட்டாமல் விடவேண்டும், தங்கச்சி. மரத்தில் செய்து, திருகாணியால் மாட்டி, அதற்கடியில் ரெண்டு மூணு சின்ன வாஷர் போடுங்க. எடை கூடிப்போனால் ஒரு வாஷரை எடுத்துவிடலாம், குறைந்தால் ஒன்று சேர்க்கலாம். பந்தயத்தன்று பையில் ஸ்குரூடிரைவர் இருக்கட்டும்.