தற்சுழற்சியும் சுற்றுகையும்: ஒரு முன்மொழிவு

'பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றி வருகிறது' என்பது நாம் எல்லோரும் படித்த வாக்கியம். இரண்டு அசைவுக்கும் ஒரே வினை. வாக்கியமாக இருக்கும்வரை குழப்பமில்லை. அதைப் பெயர்ச்சொல்லாக்கி அட்டவணையின் தலைப்பில் வைத்தால்தான் வம்பு. 'சுற்றுக்காலம்' என்ற தலைப்பின்கீழ் வெள்ளிக்கு ஒருவர் 243 நாள் என்பார், இன்னொருவர் 225 நாள் என்பார். இரண்டும் சரியான எண்களே. முன்னது தன் அச்சில் ஒருமுறை திரும்பும் காலம், பின்னது சூரியனை ஒருமுறை சுற்றிவரும் காலம். பூமிக்கு ஒன்று நாளாகவும் மற்றது ஆண்டாகவும் இருப்பதால் யாரும் ஏமாறுவதில்லை. வெள்ளியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

என் முன்மொழிவு: அச்சில் திரும்புவதற்குத் 'தற்சுழற்சி', வேறொன்றைச் சுற்றிவருவதற்குச் 'சுற்றுகை'. வினையில் முறையே சுழல், சுற்று.

இந்தப் பிரிவினை நான் புகுத்துவதல்ல, இலக்கணத்திலேயே இருக்கிறது. 'சூரியனைச் சுழல்கிறது' என்று யாரும் எழுத மாட்டார்கள், காது ஒப்பாது. 'சூரியனைச் சுற்றுகிறது' என்பது இயல்பாக வருகிறது. பம்பரமும் தலையும் சுற்றத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். பேச்சில் சுற்றட்டும்; கலைச்சொல்லாக ஆளும்போது 'எதை?' என்ற கேள்விக்கு விடை இருந்தால் மட்டுமே சுற்றுகை என்போம். அந்த விடை ஒரு பொருளாகக்கூட இருக்க வேண்டியதில்லை. புளூட்டோவும் அதன் துணைக்கோள் சாரனும் தங்களுக்கு இடையே உள்ள வெற்றுப் புள்ளி ஒன்றை 6.4 நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன.

வெறும் 'சுழற்சி' போதாதா? நீர்ச் சுழற்சி, பயிர்ச் சுழற்சி என்று அது ஏற்கெனவே பல வீட்டில் வேலை செய்கிறது. 'தன்' ஒட்டு இருந்தால்தான் அச்சு நினைவுக்கு வரும்.

சுற்றுகைக்குப் பதிலாக 'வலம்வருகை' என்போரும் உண்டு. கேட்க அழகான சொல்தான், ஆனால் திசை தவறு. வலம் வருபவருக்குக் கருவறை வலக்கைப் பக்கம் இருக்கும்; மேலிருந்து பார்த்தால் அவர் கடிகார முள் திசையில் போகிறார். கோள்களோ, வடக்கிலிருந்து பார்த்தால், எட்டுமே எதிர்த்திசையில் போகின்றன. சூரியன் அவற்றுக்கு இடப்பக்கம்! ஒழுங்காக வலம் வருவது நெப்டியூனின் டிரைட்டன் போன்ற முரட்டுத் துணைக்கோள்கள்தான்.

நிலாவுக்கு இரண்டு காலமும் ஒன்றே, 27.3 நாள். அதனால்தான் ஒரே முகத்தைக் காட்டுகிறது. இந்நிலையை ஆங்கிலத்தில் 'tidal locking' என்பார்கள்; அதைப் 'பூட்டு' என்று பெயர்த்தால் நிலா சுழல்வதே இல்லை என்ற பழைய தப்பெண்ணம்தான் வலுக்கும். 'ஒருகாலத் தற்சுழற்சி' எனலாம். இதைவிடச் சுருக்கமாக யாரேனும் தந்தால் ஏற்கத் தயார்.

எனக்கு இன்னும் தீராத இடம் பால்வழி. சூரியன் அதன் மையத்தைச் சுற்ற 20 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அது சுற்றுகை, ஐயமில்லை. ஆனால் பால்வழி முழுவதும் திரும்புவதைத் தற்சுழற்சி எனலாமா? அது கோளைப்போல் ஒரே உடலாகத் திரும்புவதில்லை. உள்ளே இருக்கும் விண்மீன்கள் விரைவில் சுற்றி முடிக்கின்றன, வெளியே இருப்பவை பின்தங்குகின்றன. அங்கு மட்டும் 'தன்' ஒட்டை நீக்கிச் 'சுழற்சி' என்று விட்டுவிடலாமா என்பதே என் கேள்வி.