தரைக்குக் கீழே நடந்த மாற்றம்: பேசர் முதல் இன்றுவரை பிரிட்டனின் கிளைத்தட ரயில்கள்

தண்டவாளம்:
பிரிட்டனின் கிளைத்தட ரயில்கள் நாற்பது ஆண்டுகளில் எப்படி மாறின என்று கேட்டால் பலரும் வண்ணப்பூச்சையும் கம்பெனிப் பெயர்களையும்தான் சொல்கிறார்கள். பெரிய மாற்றமெல்லாம் பெட்டியின் தரைக்குக் கீழே நடந்திருக்கிறது. சக்கரம், கியர், பிரேக், வண்டிகளைக் கோக்கும் கப்ளர் என்று இந்த இழையில் அவரவர் நன்றாக அறிந்ததை எழுதுங்கள். நான் பேசரிலிருந்து தொடங்குகிறேன்.

1980களின் தொடக்கத்தில் அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ரயில் கையில் காசு இல்லை. 1950களில் வந்த டீசல் வண்டிகளோ துருப்பிடித்து, ஆஸ்பெஸ்டாஸ் அடைத்த சுவர்களோடு ஓடிக்கொண்டிருந்தன. லேலண்ட் நேஷனல் பஸ்ஸின் உடலை எடுத்து, நான்கு சக்கர அடிச்சட்டத்தின் மேல் பொருத்தினார்கள். அதுதான் பேசர். 1984இல் 141 வகுப்பு (வண்டி வகையின் எண்) ஓடத் தொடங்கியது; அதைத் தொடர்ந்து 142, 143, 144 வந்தன. 142 மட்டும் 96 ஜோடிப் பெட்டிகள். 141இல் பஸ்ஸின் அகலமே அப்படியே இருந்தது. 142இல் அகலத்தைக் கூட்டி, ஒருபுறம் மூன்று, மறுபுறம் இரண்டு என இருக்கை போட்டார்கள்.

சிக்கல் சக்கரத்தில்தான். சாதாரண ரயில் பெட்டியின் இரு முனையிலும் வளைவுக்கேற்பத் திரும்பும் சக்கரச் சட்டம் இருக்கும். பேசரில் அது கிடையாது. பெட்டிக்கு இரண்டே அச்சுகள், நடுவே சுமார் 9 மீட்டர் இடைவெளி. கூர்மையான வளைவில் அச்சு தடத்தின் போக்குக்குத் திரும்ப முடியாததால் சக்கர விளிம்பு தண்டவாளத்தின் பக்கவாட்டில் உரசும். அந்தக் கீச்சொலி அடுத்த தெருவரைக்கும் கேட்கும். டெவன், கார்ன்வால் கிளைகளுக்கு அனுப்பிய 142கள் லூ, கன்னிஸ்லேக் வளைவுகளில் சக்கர விளிம்பை மளமளவெனத் தேய்த்துவிட்டன. சில ஆண்டுகளுக்குள்ளேயே அவற்றை வடக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. நேர்த்தடத்தில் வேறு தொல்லை: தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றிலும் பெட்டி முழுதாக மேலும் கீழும் ஆடும்.

டர்பி டீசல்:
எஞ்சினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் பேசரில் பெட்டிக்கு ஒரு லேலண்ட் டிஎல்11 எஞ்சின், சுமார் 200 குதிரைத்திறன், ஒரே ஒரு அச்சை மட்டும் ஓட்டும். பஸ்ஸில் இருப்பது போன்ற தானியங்கி கியர்பெட்டி. அந்தக் கியர்பெட்டி அடிக்கடி பழுதானது. ஈரமான ஏற்றத்தில் ஓட்டும் அச்சு வழுக்கினால் உதவிக்கு அடுத்த அச்சு கிடையாது. 1990களின் முற்பகுதியில் கம்மின்ஸ் எஞ்சினும் வோய்த் ஹைட்ராலிக் கியரும் போட்ட பிறகுதான் 142 நம்பத்தக்க வண்டியானது.

அதே காலத்துத் தம்பி ஸ்பிரிண்டர், 150 முதல் 158 வரையான வண்டிக் குடும்பம். 150 வகுப்பில் பெட்டிக்கு 285 குதிரைத்திறன் கம்மின்ஸ், வோய்த் டி211 கியர், மணிக்கு 75 மைல். இரண்டு நிலையிலும் எண்ணெய் வழியாகவே இழுவை சக்கரத்துக்குப் போகும்: கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டரில் இழுத்து, 45 மைலை ஒட்டி ஃப்ளூயிட் கப்ளிங்குக்கு மாறும். அந்த இடத்தில் எஞ்சின் ஓசை சட்டென்று இறங்குவது உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். கியர்பெட்டி சரியில்லாத வண்டி அந்த மாற்றத்தில் தடுமாறும். ஓசை இறங்கும், இழுவை வராது. இப்போது ஓடும் 195 வகுப்பில் (சிஏஎஃப் தயாரிப்பு, 2019) பெட்டிக்கு 523 குதிரைத்திறன் எம்டியூ எஞ்சின், இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு நிலை கியர். எண்ணெயில் வழுக்கும் இழப்பு இல்லாததால் டீசல் மிச்சம். நிறுத்தங்கள் நெருங்கிய தடத்தில் நிமிடங்கள் மிச்சமாவது இந்த முடுக்கத்தால்தான். 100 மைல் உச்ச வேகம் கிளைத்தடத்தில் பெரிதாகப் பயன்படுவதில்லை.

வடக்குத் தடம்:
டர்பி அண்ணா சொன்னது சரி, ஆனால் 195இல் பலரும் பேசாத ஒரு பின்னடைவு உண்டு: கப்ளர். 142 முதல் 158 வரை எல்லாவற்றிலும் பிஎஸ்ஐ என்ற ஒரே வகைக் கப்ளர். பேசரோடு 150, 150ஓடு 156, 156ஓடு 158 என்று எதை வேண்டுமானாலும் கோக்கலாம். சில மீட்டர் தள்ளி நிறுத்தி, நடை வேகத்தில் நெருங்கி முட்டவேண்டும். இயந்திரப் பிடி, காற்றுக்குழாய், மின்தொடர்பு மூன்றும் ஒரே தலையில் இணையும். ஓட்டுநர் கேபினில் பொத்தானை அழுத்தி, பின்னோக்கி ஒருமுறை இழுத்துப் பார்த்து, கடைசிப் பெட்டிவரை பிரேக் எட்டுகிறதா என்று சோதித்தால் வேலை முடிந்தது. தோற்பது பெரும்பாலும் மின்தொடர்புப் பெட்டியில். முள்களுக்கிடையே அழுக்கோ பனியோ புகுந்துவிட்டால் பெட்டிகள் கோத்திருக்கும், ஆனால் கதவுக் கட்டளை பின்பெட்டிக்குப் போகாது. குளிர்காலத்தில் கோக்கும் முன் மூடியைத் திறந்து துடைப்பது அதற்காகத்தான்.

புதிய வண்டிகளான 195, 196, 197 மூன்றிலும் டெல்னர் என்ற வேறு வகைக் கப்ளர். பழைய வண்டியோடு சேராது. நடுவழியில் ஒரு 195 நின்றுவிட்டால் பின்னால் வரும் 156 அதை நேராகத் தள்ள முடியாது, இடையில் அடாப்டர் வேண்டும். கலந்து ஓட்டும் வசதி பிராந்திய ரயிலின் பெரிய பலம். அதை இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தண்டவாளம்:
153 வகுப்பையும் இங்கே சொல்லவேண்டும். 155 வகுப்பின் 35 ஜோடிகளைப் பிரித்து 1991-92இல் கில்மார்னக்கில் 70 ஒற்றைப் பெட்டிகளாக்கினார்கள். நடைவழி இருந்த முனையில் புதிதாக ஒரு கேபினைத் திணித்ததால் ஓட்டுநர் முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். பயணிகள் குறைந்த தடத்துக்கு ஒற்றைப்பெட்டி சிக்கனம்தான். கூட்டம் பெருகியபின் அதுவே தொல்லையானது. பிறகு ஸ்காட்லாந்தில் அவற்றில் 5 பெட்டிகளை சைக்கிள் ஏற்ற மாற்றினார்கள், பெட்டிக்கு 20 சைக்கிள். வெஸ்ட் ஹைலேண்ட் தடத்தில் 156ஓடு கோத்து ஓடுகின்றன. கப்ளர் ஒன்றாக இருந்ததால் நடந்த காரியம் இது.

சிக்னல் மாடம்:
வண்டி இலேசானால் சிக்னல் வரைக்கும் பாதிப்பு போகும். ட்ராக் சர்க்யூட்டில் இரு தண்டவாளங்களுக்கிடையே சிறு மின்னோட்டம். சக்கரங்கள் அதைக் குறுக்கே இணைத்தால்தான் 'இங்கே ரயில் இருக்கிறது' என்று சிக்னலுக்குத் தெரியும். பழைய வண்டியில் பிரேக் கட்டை சக்கரத்தின் ஓடுபரப்பிலேயே அழுந்துவதால் அழுக்கு சுரண்டப்படும். 158இல் டிஸ்க் பிரேக். சக்கரத்தில் துருவும் இலைப்படிவும் தங்கிவிட, சில இடங்களில் ரயில் இருந்தும் இல்லாதது போலக் காட்டியது. தீர்வாகப் பெட்டிக்கடியில் ஒரு ஏரியலைப் பொருத்தி, உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை அச்சில் தூண்டி அந்தப் படிவை ஊடுருவ வைத்தார்கள். அது வேலை செய்யாத வண்டியை அப்படியே ஓட விடுவதில்லை.

இலையுதிர் காலம் பற்றிக் கேலியாகப் பேசுவோர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நசுங்கிய இலை சக்கர அழுத்தத்தில் கடினமான வழவழப்பான பூச்சாகிவிடும். 1,500 பார் அழுத்தத் தண்ணீரால் அதைப் பீய்ச்சி அகற்றி, மணல் கலந்த சாண்டைட் பசையைத் தடவுகிறார்கள். சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவ வண்டியிலும் மணல்குழாய் உண்டு. 2024 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் டலெர்திக் அருகே இரு ரயில்கள் மோதி ஒரு பயணி இறந்தார். ஒதுங்கு தடத்தில் நின்றிருக்க வேண்டிய 158 வழுக்கிக்கொண்டு ஒற்றைத்தடத்துக்குள் போய்விட்டது. விசாரணையில் முன்பெட்டியின் மணல்குழாய்கள் அடைபட்டிருந்தது தெரிந்தது. மணல்தொட்டியில் மணல் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது போதாது. குழாய் நுனியில் மணல் கொட்டுகிறதா என்று பார்க்கவேண்டும்; ஈரம் பட்டால் அங்கேதான் கட்டியாகும்.

ஒற்றைத்தடச் சிக்னலும் மாறியது. ஸ்காட்லாந்தின் கைல் தடத்தில் 1984இலும் வெஸ்ட் ஹைலேண்டில் 1988இலும் வானொலி டோக்கன் வந்தது, அதாவது தடத்தில் நுழையும் அனுமதி வானொலி வழியே வரும். ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறையை அழைப்பார், இருவரும் பொத்தானை அழுத்த, கேபின் திரையில் அடுத்த பகுதியின் பெயர் தோன்றும். அது தோன்றாமல் சக்கரம் உருளக் கூடாது. நிலையங்களில் தடமாற்றி எப்போதும் ஒரே பக்கம் பார்த்திருக்கும். வெளியேறும் ரயில் சக்கரத்தால் அதைத் தள்ளிப் போகும், வாயு அழுத்தம் அதைத் திரும்ப மூடும். வாயு கசிந்தால் முழுதாக மூடாது, காட்டி விளக்கு எரியாது, ஓட்டுநர் நிறுத்தியே ஆகவேண்டும்.

வேல்ஸின் கேம்பிரியன் தடத்தில் அந்த முறை போய் 2011இல் ஐரோப்பிய கேபின் சிக்னல் முழுமையாக வந்தது. 2017 அக்டோபர் 20 அன்று, கணினி மறுதொடக்கத்துக்குப் பின் தற்காலிக வேகக்கட்டுப்பாடுகள் திரைக்குப் போகவில்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய இடத்தை ஒரு ரயில் 80இல் கடந்தது. கம்பத்தில் பலகை இருந்த காலத்தில் கணினி மறந்தாலும் பலகை நின்றிருக்கும்.

டர்பி டீசல்:
பேசர் போனது ஏன் என்பதில் ஒரு தெளிவு. வயதைவிட மாற்றுத்திறனாளி அணுகல் விதிதான் முதல் காரணம். 2019 முடிவு கெடு. சக்கரநாற்காலி உள்ளே நுழைந்து திரும்பும் கழிவறை, நிறம் வேறுபட்ட கதவு, ஒலி ஒளி அறிவிப்பு எல்லாம் வேண்டும். ஸ்பிரிண்டரில் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுப் பெரிய கழிவறையும் அடியில் கழிவுத்தொட்டியும் வைத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் கழிவு தண்டவாளத்தில்தான் விழும். தொட்டி வந்ததும் பணிமனைகளில் உறிஞ்சும் குழாய் தேவைப்பட்டது. அது நிரம்பினால் கழிவறை பூட்டப்படும்.  பேசர்கள் விலக்கு பெற்று வடஇங்கிலாந்தின் நார்தன் நிறுவனத்தில் 2020 நவம்பர் வரையும் வேல்ஸில் 2021 மே வரையும் ஓடின.

பேசர்களை வெறுமனே திட்டுவோர், ரயிலின் நிதிநிலையை ஆராய்ந்த 1983இன் செர்பெல் அறிக்கையைப் பார்க்கவேண்டும். அதன் மிகக் கடுமையான தெரிவு பிரிட்டனின் ரயில்தடத்தை 1,630 மைலாகச் சுருக்கியது. அந்த நேரத்தில் மலிவாக வண்டி கிடைத்தது சிறிய விஷயமல்ல.

வடக்குத் தடம்:
மலிவுக்கு அடுத்த முயற்சி, விவாரெயில் நிறுவனம் உருவாக்கிய 230 வகுப்பு. லண்டன் டிஸ்ட்ரிக்ட் தடத்தின் பழைய அலுமினிய உடல், அடியில் ஃபோர்டின் 3.2 லிட்டர் எஞ்சின். இங்கிலாந்தின் மார்ஸ்டன் வேல் தடத்தில் 2019இல் ஓடத் தொடங்கியது. எஞ்சின் தொகுதியை ஃபோர்க்லிஃப்டால் மாற்றும் யோசனை அருமையானது. விவாரெயில் 2022 டிசம்பரில் நொடித்ததும் பராமரிக்க ஆளில்லாமல் சேவை நின்றது, ஓராண்டு அளவுக்குப் பஸ்தான். 2023 நவம்பரில் அங்கே ரயிலை மீட்டது பழைய 150. சிறு தொகுதியாக வண்டி வாங்குவோர் உதிரிபாகமும் பராமரிப்புக் கையேடும் கைக்கு வந்துவிட்டனவா என்று ஒப்பந்தத்திலேயே உறுதி செய்துகொள்ளவேண்டும்.