இலங்கை திவாலானதற்கு 1948-ஐ இழுக்கலாமா?

குன்னூர்வாசி:
"தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போன மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948-இல் பறித்த அன்றே இலங்கைப் பொருளாதாரம் சரிய ஆரம்பித்துவிட்டது" என்று பந்தலூர்த் தம்பி ஒருவர் இங்கே எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8-க்கு இறக்கினார்கள். 2021-இல் ரசாயன உர இறக்குமதிக்குத் திடீர்த் தடை. யூரியா போடாவிட்டால் தேயிலைக் கொழுந்து என்ன ஆகும் என்று இந்த நீலகிரி மலையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். இதில் 1948 எங்கே வந்தது? உதவாக்கரை நிர்வாகத்துக்கு வரலாற்றை முட்டுக்கொடுக்காதீர்கள்.

பந்தலூர்க்காரன்:
அண்ணா, வரியைக் குறைத்தவருக்கு ஓட்டு எப்படி விழுந்தது? 2019 ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்தது. அதே நவம்பரில் தேர்தல். போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச, காவல்காரனாக வந்து நின்று ஜெயித்தார். வரிக் குறைப்பு வாக்குறுதி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இன்னும் பின்னால் போங்கள். 1947 தேர்தலில் மலையகத் தமிழர் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு 7 இடம். மறு வருடமே குடியுரிமைச் சட்டம். 1952-இல் அவர்களுக்கு ஒரு இடமும் இல்லை. தேயிலையில் அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவனுக்கு ஓட்டில்லை என்றானபின், மிச்ச ஓட்டுக்கு யார் பெரிய சிங்களவன் என்ற போட்டிதான் நடந்தது. 1956-இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது சும்மாவா?

மிளகுக்கொடி (கூடலூர்):
அப்படியானால் வியட்நாமை எங்கே வைப்பீர்கள்? 1975 வரை போர். இலங்கை பட்டதைவிடப் பல மடங்கு சாவு. 1986-இல் பாதையை மாற்றிச் சந்தையைத் திறந்தார்கள். இன்று உலகிலேயே அதிகமாக மிளகு ஏற்றுமதி செய்வது அவர்கள்தான். என் கொடியில் காய்க்கிற மிளகுக்கு விலை சொல்லும்போது வியாபாரி முதலில் இழுப்பதே வியட்நாமைத்தான். எரிச்சல்தான், என்ன செய்ய.

பந்தலூர்க்காரன்:
நல்ல கேள்வி. ஆனால் இலங்கை 1977-லேயே சந்தையைத் திறந்துவிட்டது, வியட்நாமுக்கு 9 வருடம் முன்னால். இந்தியா 1991-க்குப் பிறகுதான். முந்திக்கொண்டவன் ஏன் பின்தங்கினான்? 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகளும் ஆலைகளும் எரிந்தன. அதன்பின் 2009 வரை போர். வியட்நாம் போரை முடித்துவிட்டுக் கதவைத் திறந்தது, இவர்கள் திறந்துவிட்டுப் போரில் இறங்கினார்கள்.

குன்னூர்வாசி:
சரி, 2009-இல் முடிந்ததே! அப்புறம் பத்து வருடம் அமைதி. டாலரில் பத்திரம் விற்றுக் கடன் வாங்கினார்கள், மத்தளையில் விமானம் வராத விமான நிலையம் கட்டினார்கள். யார் கையைப் பிடித்து இழுத்தது?

பந்தலூர்க்காரன்:
அமைதி வந்தும் ராணுவத்தைக் கலைக்கவில்லை. சுமார் 2 லட்சம் பேரை 2030-க்குள் 1 லட்சமாகக் குறைப்போம் என்று 2023-இல்தான், அதுவும் கஜானா காலியான பிறகு, அறிவித்தார்கள். அந்தச் சம்பளம் யார் தலையில்?

லைன்வீட்டுப் பேத்தி (சேரம்பாடி):
இருவரும் கொழும்பிலேயே நிற்கிறீர்கள். இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. என் தாத்தா ராமேசுவரம் பக்கத்து மண்டபம் முகாமில் இறங்கி இங்கே வந்தார். அவரைப் போன்றவர்களுக்காகக் காட்டை வெட்டிப் போட்டதுதான் டேன்டீ என்கிற தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். தோட்டம் நஷ்டத்தில் போய், ஒரு பகுதி நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-இல் அரசு முடிவெடுத்தது. இலங்கை திவாலான அதே வருடம்! பணி ஓய்வு பெற்றால், தோட்டம் தந்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் தாத்தாவின் குடும்ப அட்டையைக் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறோம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது.

1948-க்கும் இன்றைக்கும் சம்பந்தமில்லை என்கிற குன்னூர் அண்ணன், ஒருநாள் என்னோடு தாலுகா ஆபீசுக்கு வரட்டும்.

குன்னூர்வாசி:
வருகிறேன், தங்கச்சி. ஆனால் அங்கே உங்களை இழுத்தடிப்பது 1948 இல்லை, இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். நான் சொல்வதும் அதைத்தான்.